பேப்பர் கடைப் பையன் எங்கே?

"அக்கா, முன்னாள் மாணவர் பக்கத்துக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள். இலக்கியமாக இருந்தால் நல்லது" என்று இவ்வாண்டு மலர்க்குழுவிலிருந்து ஒரு தங்கை தொலைபேசியில் கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்திருப்பது முகமூடி போட்டுக்கொண்டு சண்டை போடும் வெள்ளைக்காரர்களைப் பற்றிய ஓர் ஆங்கிலச் சித்திரக்கதையையும், அதைப் படமாக எடுத்த விதத்தையும் பற்றி. இலக்கியமா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். 'டைம்' இதழ் 2005-இல் வெளியிட்ட நூறு சிறந்த ஆங்கில நாவல்களின் பட்டியலில் இந்தச் சித்திரக்கதைக்கும் இடம் கிடைத்தது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

அதன் பெயர் 'வாட்ச்மென்'. ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைய, 1986-லும் 1987-லுமாகப் பன்னிரண்டு பகுதிகளாக அமெரிக்காவில் வெளிவந்து, பிறகு ஒரே நூலானது. ஜாக் ஸ்னைடர் இயக்கத்தில் 2009 மார்ச்சில் திரைக்கு வந்தது. நான் அந்த நூலை முதன்முதலில் வீட்டுக்கு எடுத்துப் போனபோது அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னா பாப்பா இது?" என்றார். "வாட்ச்மென்" என்றேன். "ஜாகா கதையா?" என்றார். எங்கள் தோட்டத்து வாசலில் தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்கும் ஜாகாவைத்தான் அவருக்குத் தெரியும். யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னது தவறில்லை. உலகத்துக்கே ஜாகா வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் சிலரின் கதைதான் அது.

நான் பிறந்து வளர்ந்தது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். இந்த மலைக்குப் பெயர் கொடுத்த வில்லியம் கேமரன் 1885-இல் நில அளவை செய்ய வந்தவர். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். இவையெல்லாம் சுற்றுலாக் கையேட்டிலேயே இருக்கும். காட்டை வெட்டியவர்கள், கன்று நட்டவர்கள், கொழுந்து பறித்தவர்கள் எவர் என்பதற்கு அந்தக் கையேட்டில் ஒரு வரி கிடைத்தால் அதிர்ஷ்டம். அம்மா தம் பதினாறாம் வயதில் மலைக்குப் போனவர். கையால் கொழுந்து கிள்ளிய காலம், கத்தரியால் வெட்டிய காலம், இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிரை மேல் இயந்திரத்தை ஓட்டிய காலம், மூன்றையும் பார்த்தவர். அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் இருந்தார்.

சித்திரக்கதைப் பைத்தியம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. தமிழ்நாட்டுக்குப் போய் வந்த உறவினர் ஒருவர் கொண்டு வந்த முத்து காமிக்ஸ் இதழ்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவந்த முதல் முத்து காமிக்ஸே 'இரும்புக்கை மாயாவி'தான். ஓர் ஆய்வுக்கூட விபத்துக்குப் பிறகு அவன் மேல் மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். மழை நாளில் அப்பா அதை எங்களுக்குப் படித்துக் காட்டுவார். 'டமால்', 'படீர்' எல்லாம் அவர் வாயிலேயே வரும். சிறு வயதில் தேயிலைப் பொட்டலத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் கையை மட்டும் போட்டிருப்பதைப் பார்த்து, "இதுவும் மாயாவியாப்பா?" என்று கேட்டேனாம். அப்பா இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அப்பா 2003-இல் காலமானார். அவருக்குத் தெரியாமலே போன செய்தி ஒன்று உண்டு. மாயாவி, ஸ்பைடர், சட்டித்தலையன் ஆர்ச்சி எல்லாரும் உண்மையில் 1950-களிலும் 1960-களிலும் பிரிட்டிஷ் வார இதழ்களில் பிறந்தவர்கள். அவற்றைப் படித்து வளர்ந்த பிரிட்டிஷ் சிறுவர்களில் ஒருவர் ஆலன் மூர். 2005-இல் அவர் கதையமைப்பில், அவருடைய மகளும் மருமகனும் எழுதிய 'ஆல்பியன்' என்ற தொடரில் இந்தப் பழைய நாயகர்களே மீண்டும் வருகிறார்கள். அரசாங்கம் அவர்களை ஒரு ரகசியச் சிறையில் அடைத்து வைத்திருப்பதாகக் கதை. சிவகாசி வழியாக எங்கள் லயத்துக்கு வந்த அதே மாயாவி! அப்பா இருந்திருந்தால் அன்று சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கியிருப்பார்.

இனி 'வாட்ச்மென்'. பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழி ஒரு சீனப் பெண். அவளுடைய பிரதியைத்தான் 2008 இறுதி விடுமுறையில் இரவல் வாங்கிக்கொண்டு மலை ஏறினேன். கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லப்போகிறேன், இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்கவும், புத்தகம் வந்து நாற்பது ஆண்டுகளாகப் போகிறது. முகமூடி நாயகர்கள் சட்டத்தால் தடை செய்யப்பட்ட ஓர் அமெரிக்கா. சோவியத் நாட்டோடு அணு ஆயுதப் போர் இதோ வரப்போகிறது என்ற பயம். முன்னாள் நாயகன் ஒருவன் கொல்லப்படுகிறான். ரோர்ஷாக் என்ற முகமூடிக்காரன் துப்பறியப் புறப்படுகிறான். கடைசியில் தெரிகிறது, உலகிலேயே பெரிய அறிவாளி என்று பெயரெடுத்த இன்னொரு முன்னாள் நாயகன், வேற்றுக்கிரகப் படையெடுப்பு என்று உலகம் நம்பும்படி ஒரு ராட்சத உயிரியைச் செய்து, அதை நியூயார்க் நகரின் நடுவே தோன்றச் செய்து, லட்சக்கணக்கான மக்களைக் கொன்றுவிடுகிறான். பொது எதிரி வந்துவிட்டதாக நினைத்து இரண்டு வல்லரசுகளும் கை குலுக்குகின்றன. அவன் போட்ட கணக்கு அது.

நான் பகலில் படித்தேன். அம்மா இரவில் வேலையெல்லாம் முடித்துவிட்டு அதை மடியில் வைத்துப் புரட்டினார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்று ஆண்டுதான் அம்மாவின் படிப்பு. "இங்கிலீசு தெரியாதுதான், படம் தெரியும்ல?" என்றார். நீல நிறத்தில், துணியில்லாமல் நிற்கும் டாக்டர் மன்ஹாட்டன் வரும் பக்கங்களில் நான் பதறிப்போய் இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்துப் புரட்டப் பார்த்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, "கண்ணன் மாதிரி நீலமா இருக்கான், ஒரு பட்டு வேட்டி கட்டியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போனார்.

முகமூடிக்காரர்கள் மேல் அம்மாவுக்கு அக்கறையே இல்லை. அவர் தேடித் தேடிப் பார்த்தது ஒரு தெருமூலையை. அங்கே பத்திரிகை விற்கும் ஒரு வயதானவர். அவர் கடையை ஒட்டி, சாலையோரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கடற்கொள்ளையர் சித்திரக்கதை படிக்கும் ஒரு கறுப்பினச் சிறுவன். வாங்காமலே படிக்கிறான். கடைக்காரர் போரைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் அவனிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். அவன் காது கொடுப்பதில்லை. எதிரே 'கங்கா டைனர்' என்று ஒரு சாப்பாட்டுக் கடை. (நம் ஆட்கள் கடைதான் போலிருக்கிறது.) வாடகைக் கார் ஓட்டும் ஒரு பெண், அவளுடைய தோழி, ரோந்து வரும் இரண்டு துப்பறியும் காவலர்கள், சிறையில் ரோர்ஷாக்குக்கு மனநல ஆலோசனை சொல்லப்போய்த் தம் நிம்மதியையே இழந்த மால்கம் லாங் என்ற மருத்துவர். கதை எங்கெங்கோ போகும், செவ்வாய்க் கிரகத்துக்கே போகும், மீண்டும் இந்த மூலைக்குத் திரும்பும்.

எங்கள் தோட்டத்துக் கடையிலும் இதே காட்சிதான். விற்பனைக்கு வைத்திருக்கும் 'தமிழ் நேச'னை அப்பா நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்ப வைப்பார். கடைக்காரர் பார்த்தும் பாராததுபோல் இருப்பார். அந்தப் பத்திரிகையும் 2019-இல் நின்றுபோயிற்று. அம்மா அந்தச் சிறுவனைச் சுட்டிக்காட்டி, "ஒங்கப்பா மாதிரியே, காசு குடுக்காம படிக்கிறான் பாரு" என்றார்.

பதினொன்றாம் பகுதியின் கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது அம்மா நெடுநேரம் தாளைத் திருப்பவில்லை. அந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நான் சொல்ல வந்ததே அதுதான். கார் ஓட்டும் பெண்ணும் அவளுடைய தோழியும் நடுத்தெருவில் சண்டை போடுகிறார்கள், அடி விழுகிறது. பிரிந்து போயிருந்த மனைவி அப்போதுதான் மருத்துவரைத் தேடி வந்திருக்கிறாள். மற்றவர்களின் துன்பத்தையெல்லாம் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதே, இப்போது நீ அங்கே போனால் நமக்குள் எல்லாம் முடிந்தது என்கிறாள். அவர் போகிறார். வேறு வழி தெரியவில்லை என்பதுபோலப் போகிறார். காவலர் ஒருவர் காரிலிருந்து இறங்கி வருகிறார். யாருக்கும் முகமூடி இல்லை, யாரும் நாயகன் இல்லை. ஒரு தெருச் சண்டையை விலக்கத்தான் வருகிறார்கள். அதே நேரத்தில் கடைக்காரரும் சிறுவனும் இத்தனை நாள் பேசியும் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்கிறார்கள், இருவர் பெயரும் பெர்னார்ட்தான் என்று. பிறகு ஒளி வருகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்கிறார்கள். கட்டங்கள் வெளுத்துக்கொண்டே போய், வெறும் வெள்ளை.

அடுத்த பகுதியைத் திறந்தால், பக்கத்துக்கு ஒரே படமாக ஆறு பக்கங்கள். நூல் நெடுகப் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது சிறு கட்டங்கள் என்று பழகிய கண்ணுக்கு இது அறைந்ததுபோல் இருக்கும். எங்கும் பிணங்கள். பேச்சு இல்லை. அம்மா அந்த ஆறு பக்கங்களையும் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பினார். பதினொன்றாம் பகுதிக்கு, அங்கிருந்து ஐந்தாம் பகுதிக்கு, மூன்றாம் பகுதிக்கு. அந்தச் சிறுவன் வரும் இடங்களையெல்லாம் மீண்டும் ஒருமுறை பார்த்தார். சித்திரக்கதையில் இது ஒரு வசதி. காலம் நம் விரலில் இருக்கிறது.

படம் வந்தது. 2009 மார்ச்சில் கோலாலம்பூரில் அறைத்தோழியோடும் இன்னும் நான்கு பேரோடும் போய்ப் பார்த்தேன். மோசமான படம் என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்து ஓடும் அந்த முதல் சில நிமிடங்களில் நாற்பது ஆண்டு வரலாற்றை ஏறக்குறைய அசையாத படங்களாகவே காட்டிச் செல்வது இன்றும் எனக்குப் பிடிக்கும். ரோர்ஷாக்காக வரும் ஜாக்கி ஏர்ல் ஹேலியைத் தவிர வேறு யாரையும் இனி அந்த வேடத்தில் நினைத்துப் பார்க்க முடியாது. பல காட்சிகளில் கிப்பன்ஸின் கட்டத்தை அப்படியே தூக்கி வந்து வைத்திருக்கிறார்கள். (ஆலன் மூர் தம் பெயரே படத்தில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். கிப்பன்ஸின் பெயர் மட்டும்தான் வருகிறது.)

படம் முடிந்து மாமாக் கடையில் தே தாரேக்கோடு உட்கார்ந்ததும் வாக்குவாதம் தொடங்கியது. எல்லாரும் முடிவைப் பற்றியே பேசினார்கள். படத்தில் அந்த ராட்சத உயிரி இல்லை. அதற்குப் பதில் டாக்டர் மன்ஹாட்டனின் சக்தியைப்போலவே தோன்றும் வெடிப்புகள் உலகின் பெருநகரங்களை அழிக்கின்றன; பழி அவர் மேல் விழுகிறது. அறைத்தோழி இதுதான் மேல் என்றாள். திடீரென்று எங்கிருந்தோ ஓர் உயிரியைக் கொண்டு வராமல், ஏற்கெனவே கதையில் இருக்கும் ஒருவரை வைத்தே முடிச்சை அவிழ்க்கிறார்கள், கச்சிதம் என்றாள். கதைக்கட்டு என்று பார்த்தால் அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இன்றும் அதை மறுக்க மாட்டேன். எனக்கு வேறு ஏதோ குறைந்தது. என்னவென்று சொல்லத் தெரியாமல் சண்டைக் காட்சிகளைத்தான் திட்டினேன். புத்தகத்தில் தொப்பை விழுந்து, தன் மேலேயே நம்பிக்கையில்லாமல் நிற்கும் நைட் அவுல், படத்தில் எலும்பு நொறுங்க நொறுங்க அடிக்கிறாரே என்று. அதுவும் உண்மையான குறைதான். ஆனால் அது இல்லை.

அவ்வாண்டு இறுதியில் படத்தின் குறுந்தட்டோடு வீட்டுக்குப் போனேன். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வாங்கியது, மேற்கொண்டு கேட்காதீர்கள். மடிக்கணினியை அரிசி டின் மேல் வைத்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு மணி நாற்பது நிமிடம். நீலக்காரர் வந்தபோது நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அம்மா பொறுமையாகப் பார்த்தார். நியூயார்க் அழிந்தது. பெரிய பள்ளம், இடிந்த கட்டடங்கள், புழுதி. அம்மா கேட்டார்:

"அந்தப் பேப்பர் கடைப் பையன் எங்க?"

"இருந்தானேம்மா, வெடிக்கிறதுக்கு முன்னால ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்களே."

"எப்ப?"

பின்னால் ஓட்டிக் காட்டினேன். இருக்கிறார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறார்கள். அம்மா, "இவுங்க யாருன்னே சொல்லலியே, அப்புறம் செத்தா யாருக்குத் தெரியும்?" என்றார். மருத்துவர் மனைவியைவிட்டுப் போன காட்சி இல்லை. காவலர் காரிலிருந்து இறங்கவில்லை. சரி, பிணங்களாவது? பிணங்களும் இல்லை. வெடித்த இடத்தில் எல்லாம் ஆவியாகிப்போய்ச் சுத்தமான பள்ளம். மாமாக் கடையில் எனக்குச் சொல்ல வராதது அம்மாவுக்கு அரிசி டின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே வந்துவிட்டது.

அப்போது அம்மா எழுந்துபோய் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்து வந்தார். எனக்குத் தெரிந்த அட்டைதான். தொண்ணூறுகளில் நான் பள்ளியில் படிக்கும்போது தானா ராத்தாவில் ஒரு கடையில் வாங்கியது. பச்சை மலைச்சரிவு, மேலே பனிமூட்டம், 'கேமரன் மலைக்கு வருக' என்ற வாசகம். எங்கள் தோட்டத்துச் சரிவு அது. வாங்கி வந்த அன்றே அம்மா அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். படம் பிடித்த நாள்கூட அவருக்கு நினைவிருந்தது. அன்று அந்த நிரையில் ஐந்து பெண்கள் வேலையில் இருந்திருக்கிறார்கள். படம் பிடிக்க வந்தவர் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொன்னாராம். சரிவுக்கு அந்தப் பக்கம் போய், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் விரிப்போடு உட்கார்ந்துகொண்டார்களாம். "சாக்க மட்டும் எடுக்க மறந்துட்டோம்" என்றார். உற்றுப் பார்த்தால் பச்சைக்கு நடுவே ஐந்து வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவர் கோபமாகச் சொல்லவில்லை. படம் பிடித்தவரும் கெட்டவர் இல்லை, எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனாராம். அழகான படமும்கூட.

அஞ்சலட்டையை மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அம்மா படுக்கப் போனார். ஒப்பிட்டுப் பேசவெல்லாம் இல்லை. நான்தான் அன்றிரவு தூங்காமல் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூரின் நூலில் நாயகர்களும் அந்தத் தெருமூலையும் சரிசமமாக வளர்கிறார்கள். அறிவாளியின் கணக்கில் லட்சக்கணக்கான உயிர் என்பது வெறும் எண். அந்த எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று நமக்கு மட்டும் தெரியும், பதினோரு பகுதிகளாக அவர்களோடு அதே மூலையில் நின்றிருக்கிறோம். அதனால்தான் அவன் செய்தது சரியா என்ற கேள்வி நம் தொண்டையில் சிக்குகிறது. படம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, கேள்வியைக் கனமாக்கிய ஆட்களை விட்டுவிட்டது. நேரமில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். நேரம் போதாதபோது முதலில் யாரை ஒதுங்கி நிற்கச் சொல்கிறோம் என்பதைத்தான் நான் கேட்கிறேன்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே 2009-இன் இறுதியில் 215 நிமிட நீளத்தில் ஒரு பதிப்பு குறுந்தட்டாக வெளிவந்தது. அதில் கடைக்காரரும் சிறுவனும் வருகிறார்கள்; அவன் படிக்கும் கடற்கொள்ளையர் கதையும் சித்திரப்படமாக இடையிடையே வருகிறது. ஆக, எடுத்து வைத்திருந்தார்கள், திரையரங்குக்குத்தான் வரவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தேன். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனாலும் மருத்துவரும் காவலரும் அந்தச் சண்டையை விலக்க வந்து சேரும் இடம் எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததுபோல் அங்கே கிடைக்கவில்லை. 2024-இல் வெளிவந்த இரண்டு பாக அசைவூட்டப் படத்தை அம்மாவுக்கு இன்னும் காட்டவில்லை.

அம்மா ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதுதான் வழக்கம். இப்போது ஈப்போவில் என்னோடு அடுக்குமாடியில் இருக்கிறார். அந்தச் சரிவில் இன்று இயந்திரத்தைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்துப் பையன்கள். விடுமுறையில் அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது, சுற்றுலாப் பயணிகள் செல்பேசியை நீட்டியதும் அந்தப் பையன்கள் இருவர் தாங்களாகவே தலையைக் குனிந்து நிரைக்கு அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்துக் கையசைத்தார். ஒருவன் மட்டும் திரும்ப அசைத்தான்.

அறைத்தோழி பட்டம் வாங்கிய நாளில் அந்தப் பிரதியை எனக்கே கொடுத்துவிட்டாள். இக்கட்டுரைக்காகச் சென்ற வாரம் அதை அலமாரியிலிருந்து எடுத்தேன். பதினொன்றாம் பகுதியின் கடைசிப் பக்கத்தில் அஞ்சலட்டை செருகியிருந்தது. நான் வைக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"எடம் தெரியணும்ல, அதான் வச்சேன்" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, நகத்தால் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த மூணாவது சாக்கு என்னுது."